அப்பாவைப் பற்றி ஐந்து வாக்கியம்



அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 14 பிள்ளைகள். 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்த பிறகு, நம் பெற்றோரில் பலர் பிள்ளைகளை அதில்தான் சேர்க்கிறார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எங்களிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இங்கிலீஷ்ல நாலு வரி சொந்தமா எழுத வைங்கம்மா."

அந்த 'சொந்தமா' என்ற சொல்லை நான் எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பதைத்தான் எழுத வந்தேன். நாளை நீங்களும் வகுப்பெடுக்கப் போகிறவர்கள்.

ஒரு நாள் 'மை ஃபாதர்' என்று தலைப்புக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் நோட்டுகள் வந்துவிட்டன. எல்லா அப்பாக்களும் டாக்டர். எல்லோரும் காரில் வேலைக்குப் போகிறார்கள். கைடில் இருந்ததை மனப்பாடமாக எழுதியிருந்தார்கள். உண்மையில் அந்த அப்பாக்களில் லோடு இறக்குபவர்கள் உண்டு, பெயிண்டர் உண்டு, ஆட்டோ ஓட்டுபவர் உண்டு, எஸ்டேட் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் ஷிப்ட் பார்ப்பவர்கள் உண்டு. டாக்டர் ஒருவரும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. உழைப்பில் இழிவு இல்லை என்று நீளமாகப் பேசினேன். "உங்க அப்பாவை எழுதுங்க. உண்மையை எழுதுங்க" என்றேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா கால்வாய் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஐந்து வாக்கியம். இரண்டில் வினைச்சொல் தப்பு. ஐந்தும் உண்மை. எனக்கு வந்த பெருமையில் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். கைதட்டச் சொன்னேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆனால் மறுநாள் ஒரு பையன், அக்கா இவளுக்குக் கைதட்டினாங்க என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அங்கே வேறு தெருப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மதிய இடைவேளைக்குள் அவள் அப்பாவின் வேலை அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. ஒன்பது நாள் அவள் எங்கள் வகுப்புக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா டீ கொடுத்தார். பிறகு சொன்னார்: "நீ நல்லதுக்குத்தாம்மா சொன்ன. ஆனா ஸ்கூல்ல அவங்க அப்பா வேலைய நாங்க இதுவரைக்கும் சொன்னதில்ல. வேலையச் சொன்னா நாம என்ன ஆளுங்கன்னு தெரிஞ்சிடும்ல?"

எனக்குப் பதில் இல்லை. பெயர், தெரு, அப்பாவின் வேலை என்று சாதியைத் துருவிக் கேட்கும் வழிகள் இந்த ஊரில் எத்தனை என்பதை மேடையில் பேசுகிறவள் நான். அதே கேள்வியைத்தான் ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் காம்போசிஷன் என்ற பெயரில் கேட்டிருக்கிறேன்.

அந்த வாரம் அண்ணலின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வை மறுபடி எடுத்தேன். ஒன்பது வயதுச் சிறுவனாக வீட்டுப் பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்கப் போன பயணம் அதில் வருகிறது. என்ன உடுத்தியிருந்தார்கள், மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபின் யார் என்ன கேட்டார்கள், மகர் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் எப்படி மாறியது, வண்டிக்கு எப்படி இரட்டை வாடகை கொடுத்தார்கள், கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் எப்படிக் கிடைக்காமல் போனது. சின்னச் சின்ன விவரங்கள், எளிய ஆங்கிலம். இதை நான் எப்போதும் உண்மையாக எழுதுவதற்கு உதாரணமாகச் சொல்வேன். இந்தமுறை வேறொன்று பட்டது. அதை எழுதியபோது அவர் நாற்பது வயதைக் கடந்தவர், பாரிஸ்டர். எப்போது எழுதுவது, யாருக்கு எழுதுவது, எதைச் சேர்ப்பது என்பதை அவரே முடிவு செய்தார்.

பிள்ளைகளால் எழுத முடியாது என்று சொல்லவில்லை. பூனாவில் ஃபுலே தம்பதியின் பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அவளுக்கு 14 வயதுதான். 1855-இல் அது 'ஞானோதய' இதழில் வெளிவந்தது. தன் தாய்மொழியான மராத்தியில் எழுதினாள். அவளுக்குப் பின்னால் ஜோதிராவும் சாவித்திரியும் நின்றார்கள். என் மாணவி பள்ளி மைதானத்தில் பட்டப்பெயர் கேட்டபோது அவளுக்குப் பின்னால் நான் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பு நடத்தும் முறையை மாற்றினேன். முதல் பத்து நிமிடம் யாரும் எழுதுவதில்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து தமிழில் பேசுகிறார்கள். பிறகு ஒரு தாளை நான்காக மடிக்கிறார்கள். யார், எங்கே, என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது என்று நான்கு கட்டம். தமிழில் எழுதலாம், படமும் வரையலாம். அடுத்ததுதான் முக்கியம்: வெளியில் சொல்ல வேண்டாம் என்று தோன்றுவதை அடித்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, நானும்தான். மிஞ்சியதற்கு 1, 2, 3 என்று எண் போட்டு வரிசை செய்கிறார்கள்.

ஆங்கிலம் அதற்குப் பிறகுதான். கேட்கிற சொற்களைப் போர்டில் எழுதிப் போடுவேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், இங்கிலீஷில் நடுவில் வரும். அதை அட்டைகளை இடம் மாற்றி வைத்துக் காட்டுவேன். 'அப்பா டீ குடிப்பார்' என்பது 'அப்பா குடிப்பார் டீ' ஆனதும் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். ஒரு நாளில் ஒரு வகைத் தப்பைத்தான் திருத்துவேன். விரும்பினால் மட்டும் வாசித்துக் காட்டலாம்.

பத்தாவது நாள் அவள் வந்தாள். அதே தலைப்பை அவளே கேட்டாள். அவள் தாளில் பாதிக்கு மேல் அடித்தல். கடைசியில் ஐந்து வாக்கியம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளை ஏரிப் பக்கம் சைக்கிளில் கூட்டிப் போவார். சத்தமாகப் பாடுவார். கடலை வாங்கித் தருவார். நான்காவது வாக்கியம்: 'ஹீ வாஷஸ் ஹிஸ் ஹேண்ட்ஸ் டூ டைம்ஸ்.' ஐந்தாவது, பிறகுதான் தம்பியைத் தூக்குவார் என்பது.

'டூ டைம்ஸ்' என்பதை 'ட்வைஸ்' என்று மாற்றியிருக்கலாம். அன்றைக்கு நான் பேனாவை எடுக்கவில்லை. வேலையின் பெயர் எங்கும் இல்லை. அவள் அப்பா முழுதாக இருந்தார்.

டாக்டர் அப்பாவைக் காப்பியடிக்க வைப்பது பிள்ளையின் வாழ்க்கையை அழிப்பது. உண்மையைச் சொல் என்று அவளைச் சபையில் நிறுத்துவதும் அவளுக்குச் சொந்தமானதை நாம் பறிப்பதுதான். சொந்தமாக எழுதுவது என்றால், எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்வது. மடித்த தாளில் அவள் அடித்த கோடுகளும் அவள் எழுதியவைதான். அதைக் கற்றுக்கொடுத்துவிட்டால், இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.