செரெங்கெட்டியில் கூடாரவாசம்

செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் பொது முகாம்களுக்கு வேலி கிடையாது. வடக்குத் தான்சானியாவில் 14,763 சதுர கிலோமீட்டரில் விரிந்து கிடக்கும் இந்தப் பூங்காவின் நடுப்பகுதி செரொனெரா. அங்கே டிக்டிக், பிம்பி, நியானி என்ற பெயர்களில் சில முகாம்கள் இருக்கின்றன. புல் செதுக்கிய வெட்டவெளி, குடை விரித்தாற்போல் நிற்கும் சில வேல மரங்கள், ஒரு கழிப்பறைக் கட்டடம், கம்பிவலை அடித்த சமையற்கூடம், அவ்வளவுதான். வலைக்குள் அடைபட்டிருப்பவர்கள் சமையல்காரரும் சாப்பிட வந்தவர்களும். வெளியே உலவுபவை விலங்குகள். சொகுசு விடுதியில் தங்குவோருக்குச் சூரியன் மறைந்ததும் சஃபாரி முடிந்துவிடும். கூடாரத்தில் படுப்பவர்களுக்கோ அப்போதுதான் காதுக்கு வேலை தொடங்கும்.

அருஷா நகரிலிருந்து செரொனெராவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். கராத்து ஊரைத் தாண்டி இங்கொரொங்கொரோ காப்பகத்தின் வாயில் வரை தார்ச்சாலை. பிறகு எலும்பை உலுக்கும் மண்சாலை. மேற்கூரையைத் தூக்கி நிறுத்திக்கொள்ளும் லேண்ட் குரூசரில்தான் பெரும்பாலோர் போகிறார்கள். ஓட்டுநரே வழிகாட்டியும். கூடாரம், எரிவாயு உருளை, பாத்திரம், சமையல்காரர் எல்லாம் அதே வண்டியிலோ பின்னால் வரும் இன்னொன்றிலோ வந்து சேரும்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியைச் சிங்கங்கள் பொருட்படுத்துவதில்லை. சில சமயம் அதன் நிழலிலேயே வந்து படுத்துக்கொள்ளும். வண்டியையும் அதற்குள் இருப்பவர்களையும் அவை பிரித்துப் பார்ப்பதில்லை என்பது வழிகாட்டிகளின் கணிப்பு. யாராவது கதவைத் திறந்து கால் வைத்தால் நிலைமை மாறிவிடும். ஆகவே முகாமும் உணவிடமும் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது, பாதையை விட்டு வண்டியை இறக்கக்கூடாது, இருட்டுமுன் முகாம் திரும்ப வேண்டும் என்று விதிகள் கறாராக இருக்கின்றன.

விலங்கைத் தேடும் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். தேர்ந்த ஓட்டுநர் சிங்கத்தைத் தேடுவதில்லை. மான்கள் எந்தப் பக்கம் பார்த்து விறைத்து நிற்கின்றன, பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே இறங்குகின்றன என்று கவனிக்கிறார். சிறுத்தையைக் கண்டுபிடிக்க ஆற்றோர மரங்களில் தொங்கும் வாலைத் தேட வேண்டும். அங்கே நிற்கும் சிவகுண்டல மரத்தைத் தமிழ்நாட்டுப் பூங்காக்களிலும் சிலர் பார்த்திருக்கலாம். அதன் தாய்மண் ஆப்பிரிக்கா. நீண்டு தொங்கும் காய்களுக்கு நடுவே அசையும் ஒன்று காயல்ல என்று தெரிய நேரமாகும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது; கறையான் புற்றின் மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்க்கும். சிங்கமோ நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். கருங்கல் குன்றுகளின் மேல் அது கொட்டாவி விடுவதைப் பார்ப்பதுதான் பெரும்பாலான பயணிகளுக்கு வாய்க்கிறது. அதைப் பார்த்ததும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுபவர்கள் ஏமாறுகிறார்கள். அரை மணி நேரம் காத்திருந்தால் குட்டிகள் எழுந்து தாயின் வாலைக் கடிக்கத் தொடங்கும்.

எந்த மாதத்தில் எங்கே முகாமிடுவது என்பதை வில்டபீஸ்ட் என்ற மானினத்தின் மந்தைகள்தான் முடிவு செய்கின்றன. ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட்களும் லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் சிறுமான்களும் மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே இந்துடு சமவெளி. மே, ஜூனில் மேற்கு. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரை. தெற்குச் சமவெளியின் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதி. பால் சுரக்க வேண்டிய தாய்களுக்கு அதுதான் தேவை.

ஆற்றைக் கடக்கும் காட்சிக்கும் முதலைகளுக்கும்தான் விளம்பரம் அதிகம். அங்கே கரையில் வண்டிகள் மொய்த்துக்கொண்டு நிற்கும். சில நேரம் மந்தை இறங்க வேண்டிய வழியையே அவை மறித்துவிடும். பிப்ரவரியில் இந்துடுவில் நடக்கும் கன்று ஈனுதல் அதைவிடப் பார்க்கத் தகுந்தது. பத்தில் எட்டுக் கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. ஒரே நேரத்தில் இத்தனை கன்றுகள் தரையில் இருந்தால், கழுதைப்புலிகளும் சிங்கங்களும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். தாய் படுக்கும், எழும், நாலடி நடக்கும், மறுபடி படுக்கும். பின்புறத்தில் இரண்டு வெளிறிய குளம்புகள் தெரியும். கன்று விழுந்ததும் ஈரம் காயுமுன்பே முன்னங்கால்களை ஊன்றிப் பார்க்கும், முகம் குப்புறக் கவிழும், பின்னங்கால்களை முதலில் தூக்கி மறுபடி முயலும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் தாயோடு ஓடத் தயாராகிவிடும்.

இந்தப் பெருங்கூட்டம் என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. 1890 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவிய வெக்கை நோய் மாடுகளையும் வில்டபீஸ்ட்களையும் வாரிக்கொண்டு போனது. ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்னார்ட் கிரிசிமெக்கும் மகன் மிக்கேலும் 1950களின் இறுதியில் வரிக்குதிரைக் கோடு தீட்டிய சிறு விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் ஒரு கழுகு மோதி அந்த விமானம் விழுந்து மிக்கேல் இறந்தார். சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோய் ஒழிந்த பிறகு, 1961இல் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970களின் இறுதியில் 13 லட்சத்தைத் தொட்டன. மேய்ச்சல் கூடியதால் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, மரங்கள் பெருகின. இன்று முகாமைச் சுற்றித் தெரியும் வேலங்காட்டில் மாட்டுத் தடுப்பூசிக்கும் பங்குண்டு.

மாலை ஆறரை மணிக்குமேல் இருட்டு சட்டென்று கவியும். சோளப்பொரியும் தேநீரும், பிறகு சூப்பு, உகாலிக் களி அல்லது சப்பாத்தி. உணவை யாரும் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒரு பழத்தின் வாசனையே யானையையும் பபூன் குரங்குகளையும் இழுத்துவிடும். செருப்பை வெளியே விட்டால் காலையில் இருக்காது. கழுதைப்புலிக்குத் தோல் என்றால் கொள்ளை ஆசை. ஜிப்பை முழுக்க இழுத்து மூட வேண்டும். மூடிய கூடாரத்தைக் கிழிக்கச் சிங்கத்தால் முடியாமல் இல்லை; ஆனால் உள்ளே ஆள் இருப்பது கண்ணுக்குத் தெரியாதவரை அது சுற்றிக்கொண்டு போய்விடுவதே வழக்கம். நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தால் முதலில் டார்ச் வெளிச்சத்தை வட்டமாகச் சுற்றிப் பார்ப்பார்கள். கண்கள் மின்னினால் திரும்பிப் படுத்துவிடுவதே மேல். மான்கூட்டம் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தால் போகலாம்.

ஒலிகளைப் பிரித்தறிய இரண்டு இரவு போதும். அடித்தொண்டையில் தொடங்கி மேலேறி முடிவது கழுதைப்புலியின் கூவல். நீண்ட கர்ஜனைகளுக்குப் பின் குட்டைக் குட்டையான உறுமல்களாகத் தேய்ந்து அடங்குவது சிங்கம்; காற்றில்லாத இரவில் 8 கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும் என்பதால், பக்கத்தில் என்று தோன்றுவது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதில்லை. மரத்தில் பபூன்கள் திடீரென்று குரைத்தால் கீழே சிறுத்தை. விடிந்ததும் கூடார வாசலில் தடம் பார்க்கலாம்: நகக்குறி பதிந்திருந்தால் பெரும்பாலும் கழுதைப்புலி, பதியாவிட்டால் பூனையினம்.

கழுதைப்புலிக்குப் பிறர் மிச்சத்தைத் தின்னும் பிராணி என்ற கெட்ட பெயர் உண்டு. விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1960களில் இங்கே செய்த ஆய்வு அதை உடைத்தது. அது தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது. இங்கொரொங்கொரோவில் அதன் இரையைப் பல முறை சிங்கங்களே பிடுங்கித் தின்றன.

தொல்லைகளில் முதன்மையானது செட்சி ஈ. நீலமும் கறுப்பும் அதை ஈர்க்கும். அதனால்தான் அந்த நிறத் துணிகளில் பொறி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காக்கியோ வெளிர்பழுப்போ உடுத்துவது நல்லது.

திரும்பும் வழியில் பலரும் இங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்பா முகாமில் ஓர் இரவு தங்குகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தும் அங்கே கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. தண்ணீர்த் தொட்டியைத் தேடி ஆண் யானைகள் கூடாரங்களுக்கு நடுவே வந்து போகும். மறுநாள் காலை 600 மீட்டர் கீழே, இடிந்து விழுந்த எரிமலையின் 260 சதுர கிலோமீட்டர் தரையில் கறுப்புக் காண்டாமிருகத்தைத் தேடலாம். ஒட்டகச்சிவிங்கி அங்கே இல்லை. மதிய உணவை வண்டிக்குள்ளேயே முடித்துக்கொள்வது நலம். வெளியே தட்டோடு நிற்பவர்களின் கையிலிருந்து பருந்துகள் கோழித்துண்டைப் பறித்துக்கொண்டு போய்விடும். பள்ளத்துக்குள் முகாமிட அனுமதி இல்லை. மாலை ஆறு மணிக்குள் எல்லா வண்டிகளும் மேலேறிவிட வேண்டும்.