அடுப்பும் அரமும்

மலைநாட்டுக் குளிரை உடம்பால் அறிந்தவர்களே விறகின் அருமையை அறிவார்கள். ராகலைப் பக்கம் மார்கழி மழை பிடித்துக்கொண்டால் நாட்கணக்கில் விடாது. லயத்துத் தகரக் கூரையின்கீழ், ஒரு குடும்பம் முழுவதும் முடங்கும் ஒற்றை அறையில், நனைந்த படங்கும் கம்பளியும் காய்வதற்கு அடுப்பைத் தவிர வேறு கதியில்லை. அரிசி இல்லாத நாளில் அடுத்த காம்பராவில் கைமாற்றுக் கேட்கலாம். விறகு இல்லாத மழைநாளில் யாரிடம் கேட்பது? எல்லார் வீட்டிலும் அதே ஈரந்தான். இலக்கிய ஏட்டில் விறகைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். சோற்றைப் பற்றி எழுதலாமென்றால், அதை வேகவைக்கும் நெருப்பைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

நாம் பிறந்து வளர்ந்தது ராகலைக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில். பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் தாயாருக்கு இரண்டாவது வேலை ஒன்று காத்திருக்கும். அதுதான் விறகு பொறுக்குவது. தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். அப்போது விழும் மிலாறுதான் எங்கள் அடுப்பின் முதல் ஆதாரம். கவ்வாத்து மலை அருகில் அமைந்துவிட்டால் அந்த ஆண்டு யோகம். அமையாவிட்டால் இரண்டு மைல் ஏறி இறங்கவேண்டும். மிலாறு சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். நின்று எரிவதற்குக் கிரவேலியாக் கிளையோ யூக்கலிப்டஸ் கட்டையோ வேண்டும். அவை தோட்டத்தின் சொத்து.

1974ஆம் ஆண்டு. தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். காற்றில் முறிந்து கிடந்த ஒரு கிளையைத் துண்டாக்கிக் கட்டிச் சுமந்து வந்த தாயாரைக் காவற்காரர் மறித்தார். கட்டு இறக்கப்பட்டது. அந்தக் காவற்காரரும் எங்கள் லயத்துக்காரர்தாம். அவர் வீட்டு அடுப்புக்கும் விறகு இல்லை என்பதை நாம் அறிவோம். வேலை போய்விடுமென்ற அச்சம் அவரை அப்படிச் செய்வித்தது. அன்றிரவு தாயார், இஸ்தோப்பில் கிடந்த பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்தார். நாம் உட்கார்ந்து பாடம் படிக்கும் பலகை அது. அதில் வெந்தது என்னவென்று இன்று நினைவில்லை. பலகை எரிந்த வாசனை மட்டும் நினைவிலிருக்கிறது.

கீழே விழுந்த கிளையை எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று அன்றைக்கு எமக்கு விளங்கவில்லை. வரலாற்றைப் படித்த பின்னரே விளங்கியது. இந்த மலைகளின் காடு முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அழிந்தது. அழித்த கைகள் எங்கள் முன்னோருடையவை. 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாகக் குறும்பாதை ரயில் ராகலைக்கு வந்துசேர்ந்தது. 1948இல் அந்தப் பாதை மூடப்பட்டது. அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றவராக்கியது. அந்தக் குறை சட்டப்படி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. உரிமையற்றவனுக்கு நிலம் ஏது? நிலமற்றவனுக்கு மரம் ஏது? மரம் இல்லாதவன் பொறுக்கும் சுள்ளி பிறர் பொருள் ஆகிவிடுகிறது.

மரம் இல்லாமலில்லை. அது போகும் அடுப்பு வேறு. தொழிற்சாலையில் ஒரு கிலோ தேயிலையைத் தயாரிக்க ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறது. உலகத்தார் அருந்தும் ஒவ்வொரு கோப்பைத் தேநீரிலும் இந்த மலையின் மரம் சிறிது கலந்திருக்கிறது. அந்த அடுப்பு அணையக்கூடாது என்பதில் எமக்கும் மறுப்பில்லை; எங்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. கொழுந்து பறித்தவளின் அடுப்பு மட்டும் ஏன் அணையவேண்டும் என்பதே எமது கேள்வி.

தொழிற்சாலைக்கு விறகு வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரிடம் எம் தம்பி பல ஆண்டுகள் கூலிக்கு வேலை செய்தான். தந்தையார் காலத்தில் இருவர் இழுக்கும் நீள்வாள். தம்பி கையில் செயின் சோ என்னும் சங்கிலி வாள். முன்பு நாள் முழுதும் அறுத்ததை அது ஒரு மணி நேரத்தில் அறுத்துத் தள்ளும். ஆனால் பேணாவிட்டால் அதுபோல் சண்டித்தனம் செய்யும் கருவி வேறில்லை. ஒருநாள் வாள் கட்டைக்குள் இறங்க இறங்க வளைந்து போவதைக் கண்டு, மரத்தின் முறுக்கோ என்று கேட்டோம்.

“மரத்துல கோளாறு இல்லண்ணே. பல்லுல கோளாறு” என்றான் தம்பி.

சங்கிலியில் ஒரு பல் இடப்பக்கம் வெட்டும். அடுத்தது வலப்பக்கம் வெட்டும். ஒரு பக்கத்துப் பற்கள் கல்லிலோ மண்ணிலோ பட்டு மழுங்கினாலும், அரம் பிடிப்பவன் கைக்கு இசைந்த பக்கத்தை அதிகமாகத் தேய்த்துவிட்டாலும், இரு பக்கமும் ஒவ்வாமல் போகும். எந்தப் பக்கத்துப் பல் நீண்டு கூர்மையாக இருக்கிறதோ அந்தப் பக்கமே வாள் இழுத்துக்கொண்டு ஓடும். இதற்கு மருந்து, எல்லாவற்றிலும் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாப் பற்களையும் அதன் அளவுக்கு அராவுவது. அரத்தை முப்பது பாகைச் சாய்வில் பிடித்து, உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், பல்லுக்கு இத்தனை இழுப்பு என்று எண்ணி இழுக்கவேண்டும். பல்லின் முன்னே நிற்கும் சிறு முனையையும் ஒரே மட்டமாகத் தட்டையரத்தால் தாழ்த்தவேண்டும். அதுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது. சங்கிலி ஓடும் அலகின் விளிம்பு ஒருபுறமாகத் தேய்ந்தாலும் வெட்டு கோணும். ஆகையால் அலகை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் பூட்டி, எண்ணெய்த் துளையைத் துப்புரவாக வைக்கவேண்டும். வெட்டு நேராக இருந்தால்தான் துண்டு நேராக நிற்கும். துண்டு நேராக நின்றால்தான் கோடரி வழுக்காது. இந்த வித்தை முழுவதையும் எந்தப் பள்ளியிலும் படிக்காமல் கற்றவன் தம்பி.

ஒருநாள், சங்கிலி மழுங்கிவிட்டது, அராவ அரை மணி நேரம் வேண்டுமென்று கேட்டிருக்கிறான். மழை வருமுன் முடி என்று பதில் வந்தது. வாள் வளைந்து கட்டைக்குள் இறுகியது. அதை விடுவிக்கும்போது சரிவில் கிடந்த கட்டை உருண்டு அவன் கணுக்காலை நசுக்கியது. காலில் இருந்தது ரப்பர்ச் செருப்பு. நட்ட ஈடு கேட்டபோது, செக்ரோலில் அவன் பெயர் இல்லையென்று தோட்டத்தார் சொன்னார்கள். அன்றன்றைய கூலியாள்தானே என்று குத்தகைக்காரர் சொன்னார். அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பி இன்றும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் கொழும்பு மக்கள் விறகு தேடியபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்தத் துன்பம் உண்மையானது. நாம் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, ஈர விறகைப் பற்றவைக்க ஒரு சொட்டு எண்ணெயின்றி ஊதி ஊதி இருமிய லயத்துப் பெண்களை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? நகரத்துக்கு அது ஒரு நெருக்கடி. அவர்களுக்கு அது நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம்.

இப்போது தம்பி பழுதான வாள்களைத் தீட்டிக் கொடுத்துப் பிழைக்கிறான். மாலையில் இஸ்தோப்பில் அமர்ந்து அவன் அரத்தை இழுக்கும்போது அருகில் இருந்து பார்ப்போம். நீண்ட பல்லைக் குறைக்காமல் வாளை நேர்செய்ய முடியாது என்பது அவனுக்குத் தெரியும். நாட்டை ஆள்வோருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது.

நாம் கேட்பது பெரிதல்ல. ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. பயிரிடாமல் கிடக்கும் தரிசில் லயத்து மக்கள் தங்களுக்கென்று விறகுமரம் நட்டு வெட்டிக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்குங்கள். வாள் பிடிப்பவனுக்குச் சப்பாத்தும், பெயர்ப் பதிவும், அராவ அரை மணி நேரமும் கொடுங்கள். விழுந்த கிளையைச் சுமந்து வரும் ஒரு தாயை இனி யாரும் வழிமறிக்கவேண்டாம்.