பலகையும் பகுத்தறிவும்

வெயிலும் மழையுமன்றி வேறு பருவம் அறியாத பெட்டாலிங் ஜெயாவில் வாழும் நமக்குப் பனிமலையோடு என்ன உறவு என வினவுவோர் உளர். 2013 ஆம் ஆண்டில் ஜப்பான் மலேசியருக்கு விசா விலக்கு அளித்தபின், ஹொக்கைடோவின் சரிவுகள் நமக்கும் எட்டுவனவாயின. 2018 இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெப்ரி வெப் என்பார் மலேசியக் கொடியின்கீழ்ப் பனிச்சறுக்கில் இறங்கினார். எனவே நம் இளைஞர் சறுக்குப் பலகையை நாடுவதில் வியப்பில்லை.

நம் வீட்டிலும் அவ்வாசை எழுந்தது. பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் பனி காணச் செல்வது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் விரும்பியதோ பந்தய வீரரின் பலகை! விலை மிகுந்ததே சிறந்தது என்பது அவர்தம் வாதம். அதனை நாம் ஒப்பவில்லை.

'கார்விங்' பலகை யாது? முனையும் வாலும் அகன்று இடை சிறுத்திருப்பது. விளிம்பில் சாய்த்து நின்றால், நம் எடையால் வில்லென வளைந்து, பனியை அறுத்துக்கொண்டு தானே திரும்பும். 1990களில் எலான் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ். போன்றவை இவ்வடிவைப் பரப்பின. ஆடவர் 'ஜெயண்ட் ஸ்லாலம்' பந்தயப் பலகையின் வளைவு ஆரம் 30 மீட்டர். பெருவேகமும் உரம் பெற்ற காலும் இன்றி அது வளையாது. பொழுதுபோக்காகச் சறுக்குவோர்க்கு 13 முதல் 16 மீட்டர் ஆரமும், 70 முதல் 80 மில்லிமீட்டர் இடையும், மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரமும், இளகிய வளைவும் போதும்.

பலகையினும் முந்தியது காலணி. அதனைப் பலகையோடு பிணைக்கும் கருவியை எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கணித்து, தேர்ந்தவரே முடுக்கவேண்டும். விழும்போது அது கழலாவிடின் கேடு முழங்காலுக்கே. விலைச்சீட்டு வந்து காவாது.

நம் பாட்டியார் தம் கைக்கும் மரப்பட்டைக்கும் இசைந்த வெட்டுக்கத்தியையே தேர்ந்தார். துரைமார் எதை மெச்சுவர் என்று கேட்டாரில்லை.

ஆண்டில் ஒரு வாரம் உதவும் பலகையை வாங்கி, எஃகு விளிம்பு ஈரக்காற்றில் துருவேற வைத்திருப்பானேன்? மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று வகைகளைப் பழகிப் பார்க்கலாமே என்றோம். "வாடகைப் பலகையா? நாலு பேர் என்ன சொல்வர்?" என்றனர். அந்த நாலு பேரை நாம் நன்கறிவோம். கடன் வாங்கிக் கலியாணம் செய்யத் தூண்டியவரும், கடன்காரன் வாசலில் நின்றபோது காணாமற் போனவரும் அவர்களே! இவ்வாறு எடுத்துரைத்தபின் பிள்ளைகள் இசைந்தனர். அளவெடுத்த காலணிக்கு மட்டும் பணம் ஒதுக்கினோம். தன் காலையும் தன் வலிவையும் அறிந்து தேர்வதே தன்மானம். பிறர் கண்ணுக்காக வாங்குவது அடிமைத்தனத்தின் எச்சமேயாம்.