ஒரு சாண் பீரங்கி

மஸ்கட்ல வெள்ளிக்கிழமை ஆனா நம்ம ஆளுங்க பீச், கிரிக்கெட், பிரியாணின்னு கிளம்பிடுவாங்க. நான் சாப்பாட்டு மேஜையில பழைய பேப்பரை விரிச்சு, பசையும் பிரஷ்ஷும் எடுத்து வச்சு பீரங்கி செய்வேன். ஆமாங்க, பீரங்கிதான். இரண்டாம் உலகப் போர்ல சோவியத் படை இழுத்துக்கிட்டுப் போனது, முப்பத்தஞ்சுல ஒரு பங்கு அளவுல, பிளாஸ்டிக்ல. நாற்பது தாண்டின பேங்க் ஆபீசருக்கு இது தேவையான்னு வீட்டம்மா கேட்காத வாரம் இல்லை.

விதை போட்டது பாறசாலை. எண்பதுகள்ல எங்க பக்கத்துப் பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போட்டது 'சோவியத் நாடு' பத்திரிகையோட வழவழ தாள்லதான். என் கணக்கு நோட்டு மேல ஒரு ராணுவ அணிவகுப்பு. அதுல இருந்த பீரங்கியோட பேர் தெரிய இருபது வருஷம் ஆச்சு: ஜிஸ்-3.

வடிவமைச்சவர் வசீலி கிராபின். பி.காம் படிச்சவனுக்கு இவரைப் பிடிக்காம போகாது. எல்லாத்தையும் புதுசா செய்யலை மனுஷன். ஏற்கனவே இருந்த 57 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியோட வண்டி மேல 76 மி.மீ. குழலை ஏத்தினார். உதைப்பைக் குறைக்க குழல் முனையில ஒரு தடுப்பு மாட்டினார். முந்தின மாடலைவிட செலவு குறைவு, வேலையும் சீக்கிரம். 1942 பிப்ரவரியில படை ஏத்துக்கிச்சு. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புல இதைச் சொல்லியிருந்தா கடைசி பெஞ்சும் முழிச்சிருக்கும் :)

நிஜப் பீரங்கி ஒரு டன்னுக்கு மேல. என் மேஜையில ஒரு சாணுக்குள்ள அடங்கிடும். அச்சுச் சட்டத்துல இருந்து துண்டு துண்டா நறுக்கி, பிசிறை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். குழல் ரெண்டு பாதியா வந்தா ஒட்டின தடம் தெரியக் கூடாது. அதுக்கே ஒரு சாயந்திரம் போகும். அப்புறம் பச்சை பெயிண்ட். காய்ஞ்சதும், கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ல வெளிர் பச்சை எடுத்து விளிம்புல மட்டும் தடவினா இரும்புக்கு வயசு வந்துடும்.

அடுத்த பெட்டி கட்யூஷா, லாரி மேல 16 ராக்கெட். முதல்ல வெடிச்சது 1941 ஜூலை 14, ஓர்ஷாவுல. பிற்பாடு அதைச் சுமந்தது அமெரிக்க ஸ்டூடிபேக்கர் லாரி. நேச நாட்டுச் சரக்கு சோவியத்துக்குப் போன வழிகள்ல ஒண்ணு ஈரான், இங்கேயிருந்து கடல் தாண்டினா வர்ற அதே ஈரான். அந்த வழியில சரக்கு கொண்டு சேர்த்த ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்ல ஒரு தமிழ்நாட்டுக்காரர், சுபேதார் நாராயண் ராவ் நிக்கம். அவருக்கும் உத்தராகண்ட் ஹவில்தார் கஜேந்திர சிங் சந்துக்கும் 1944-ல சோவியத் அரசு செந்நட்சத்திர விருது குடுத்திருக்கு. நோட்டு அட்டையில எவனும் இதைச் சொல்லலை பாருங்க!

ஜிஸ்-3 பெட்டி மாஸ்கோ பக்கத்துல லோப்னியா ஊர் 'ஸ்வெஸ்தா' கம்பெனி. கட்யூஷா பெட்டி கீவ் நகரத்து 'ஐசிஎம்'. ரெண்டும் பாதி வேலையில இருந்தப்ப 2022 பிப்ரவரி 24 வந்துச்சு. டிவியில கீவ் மேல குண்டு விழுது, மேஜையில கீவ்ல செஞ்ச ராக்கெட் வண்டி. மூடி அலமாரியில வச்சவன் ரொம்ப மாசம் தொடலை.

திரும்ப எடுத்தது என் பையன். பீரங்கி தள்ளுற பொம்மை வீரர்களைக் காட்டி, "அப்பா, இவங்க ரஷ்யாவா, உக்ரைனா?"

"ரெண்டும் இருந்திருப்பாங்க மக்கா. ஒரே படை."

"அப்போ இப்ப ஏன் சண்டை?"

எனக்குத் தெரிஞ்ச ஒரே எல்லையைச் சொன்னேன். 1956 நவம்பர் 1-ல கோடு போட்டாங்க. விளவங்கோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இந்தப் பக்கம். அதுக்கு முன்னால 1954-ல மார்த்தாண்டம் பக்கம் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தாங்க. ஆனா கோடு போட்ட பிறகும் எங்க பாட்டி களியக்காவிளை சந்தைக்குத்தான் போனா. ரேஷன் இங்கே, சம்பந்தம் அங்கே. எங்களுக்கு அப்படி அமைஞ்சது, அவங்களுக்கு அமையலை.

பையன் ஒண்ணும் சொல்லலை. பிரஷ்ஷை எடுத்து வீரர்களோட சட்டைக்கு பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சான். நாலு பேருக்கும் ஒரே நிறம். பீரங்கியும் கட்யூஷாவும் இப்போ முடிஞ்சு ஒரே தட்டுல நிக்குது.

உங்க வீட்டுப் பிள்ளைங்க கையில கேம் கண்ட்ரோலருக்குப் பதிலா ஒரு பெட்டி குடுத்துப் பாருங்க. பீரங்கிதான் வேணும்னு இல்லை, டிராக்டர் கூட இருக்கு. ஆனா கேள்வி வரும், தயாரா இருங்க.