தெருவின் அபிப்பிராயம்

எங்கள் பக்கத்தில் ஒயின் என்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகைதான். ‘ஒயின்ஸ்’ என்று எழுதிய கடைகளில் பிராந்தி கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ரம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒயின் கேட்டு ஒருவர் நின்று பார்த்ததில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு தன் கழகத்தின் கைக்கு எடுத்துக்கொண்ட பிறகு பலகை மாறிற்று. பேச்சு வழக்கு மாறவில்லை. கடையை ஒட்டிய ‘பார்’ விஷயமும் இப்படித்தான். ஏலத்தில் பார் எடுப்பவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில்களைச் சேகரிக்கவுமான உரிமை. காகிதத்தின்படி அது சுண்டலும் ஆம்லெட்டும் மாங்காய்ப் பத்தையும் விற்கிற இடம். வருகிறவர்கள் கூடவே குடிக்கவும் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

2016 டிசம்பர் 15ஆம் தேதி, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை விபத்துகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு. 2017 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தபோது தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் சாலையோரத்தில் மூடப்பட்டன. மூடியவற்றில் பல, வேறு இடம் தேடி ஊருக்குள் வந்தன. ஆரணியில் நான் வாடகைக்கு இருந்த நெசவாளர் தெருவிலும் ஒன்று, பாருடன், வந்து சேர்ந்தது. எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததால் எதிர்ப்பு மனுவை எழுதவும், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கவும் என்னைச் சொன்னார்கள். தெருவின் அபிப்பிராயம் என்று ஒன்று உண்டா என்கிற யோசனை எனக்கு அப்போதுதான் ஏற்பட்டது.

பட்டு நெய்கிற தெருவை வெளியூர்க்காரர் வீடுகளின் வரிசையாகப் பார்ப்பார். நெசவாளிக்குத் தெருவும் தறியின் ஒரு பகுதி. விடியற்காலையில் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுத்துவிட வேண்டும். கடை வந்த பிறகு, இரவில் உடைந்த பாட்டிலின் சில்லு காலையில் பாவு நீளுகிற இடத்தில் கிடந்தது. பட்டிழைக்கு அதைவிட விரோதமான பொருள் வேறில்லை. வெறுங்காலுக்கும்தான்.

நகராட்சி எல்லையில் கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டு விதி சொல்கிறது. இதை நான் படித்துக் காட்டியதும் ஒரு பெரியவர் கோயிலைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். “ரெண்டரைப் பாவுதான் இருக்கும் தம்பி” என்றார். மூன்று சேலைக்கான பாவு ஏறக்குறைய 18 மீட்டர். அவர் கணக்கு 45 மீட்டர். அளக்க வந்தவர்களின் டேப் வேறு மாதிரி சொல்லிற்று. அதோடு, வர்த்தகப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது என்று அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. எங்கள் தெரு எது? படுக்கிற அறையிலேயே தறிக்குழி இருக்கிற வீட்டை எந்த வகையில் சேர்ப்பது? சட்டம் வீட்டையும் வேலையையும் பிரித்து வைத்துக்கொண்டுதான் யோசிக்கிறது.

தறிகளுக்கு முன்பணம் கொடுத்திருந்த முதலாளி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். தறி நின்றால் நஷ்டம் அவருக்கு. அவர் எதிர்ப்பில் ஒழுக்கம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. மனுவுக்கு அது அவசியமும் இல்லை. ஓர் இளைஞன் மறுத்துவிட்டான். “நாங்க குடிக்கறதுதாண்ணா கண்ணுக்குத் தெரியுது. காசு இருக்கறவன் கிளப்புல குடிச்சா எவன் மனு எழுதறான்?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் சுண்டல் போட ஆரம்பித்திருந்த ஒருவர், “எல்லாரும் போட்டப்புறம் வாங்க” என்றார்.

பிறகு அந்தப் பெண். தார் சுற்றுவது அவள், பாவு பிணைப்பது அவள். கூலி மட்டும் கணவன் கைக்கு வரும். அவள் பேனாவை வாங்கவேயில்லை. “இங்கயே இருந்துட்டுப் போவட்டும்ண்ணா. ரோட்டு மேல இருந்தப்போ ராத்திரி பத்து மணிக்கு எங்கன்னு தேடறது? எந்தப் பள்ளத்துல கெடக்குதோ, எந்த வண்டியில மாட்டிக்கினு இருக்குதோ. இப்ப நாலு வீடு தாண்டிப் போயி இட்டுகினு வந்துடறேன்.” கடை வாசலில் பெண்கள் உட்கார்ந்த அன்றும் அவள் போகவில்லை. அதற்காக அவளை ஏசினார்கள்.

அவள் சொன்னதை மனுவில் எப்படியாவது சேர்க்க முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேர்த்தால் மனு தோற்றுவிடும். விட்டுவிட்டால் மனு பொய்யாகிவிடும். மனு என்கிற வடிவத்துக்கு அவள் வாக்கியத்தைத் தாங்கும் சக்தி இல்லை. விட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

நம்முடைய இலக்கியத்துக்கும் அந்தச் சக்தி இருந்ததாகத் தெரியவில்லை. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடுகிற பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே ஆக்கிய தோப்பி என்னும் கள் வருகிறது. குறளில் 93ஆம் அதிகாரம் முழுக்கக் கண்டனம். கொடுத்தவனையும் குடித்தவனையும் பாடியிருக்கிறார்கள், கடிந்திருக்கிறார்கள். தேடிப் போய் அழைத்து வருகிறவளை எழுதியவரை நான் படித்ததில்லை.

அரசியலின் கதையும் இதற்கு மேல் போகவில்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் வடஆர்க்காடு மாவட்டத்துக்கு வந்தது; ஆரணி அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இழந்த வருமானத்துக்கு ஈடாக அதே 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் சில ஆண்டுகளில் மூடி, 1981இல் திறந்து, மறுபடியும் மூடின. மது திரும்பி வந்து அரசின் பெரிய வருவாயாகவே ஆகிவிட்டது. அது இல்லாத குறைக்கு வந்த வரியோ, பெயர் மாறி மாறி, ஒரு நாளும் மூடப்படாமல் நிலைத்துவிட்டது. இத்தனை திறப்பிலும் மூடலிலும், கூலி யார் கைக்குப் போகிறது என்று கேட்டவர் இல்லை.

2017 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது: நகராட்சி எல்லைக்குள் அந்தத் தூரத் தடை பொருந்தாது. சில வாரங்களில் கடை எங்கள் தெருவைக் காலி செய்துகொண்டு பழையபடி சாலைக்குப் போய்விட்டது. வந்தது தில்லியின் ஒரு சொல்லால், போனது இன்னொரு சொல்லால். மனுவை யாரும் படித்ததாக எனக்குத் தகவல் இல்லை. ஆனால் தெருவில் வெற்றி என்றுதான் பேசிக்கொண்டார்கள். கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். முதலாளி சர்க்கரைப் பொங்கலுக்குப் பணம் கொடுத்தார்.

காலையில் பாவு தடையில்லாமல் நீண்டது. அந்தப் பெண் இரவில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போகத் தொடங்கினாள். மனுவில் அவள் கையெழுத்துப் போடவில்லை என்பதைத் தெருவில் சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.