தோண்டிப் பார்த்தவர் உண்டா?

நுழையும்முன்

நூல்கள் அறிவியலின் முடிவுகளைக் கூறுகின்றன. அம்முடிவுகள் எவ்வாறு எட்டப்பட்டன, எவ்வாறு மாறின என்பதைப் பல நேரங்களில் கூறுவதில்லை. நிலவில் நீர் உண்டா என்னும் வினாவிற்கு அரை நூற்றாண்டில் விடை மாறிய வரலாற்றைத் தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பறை நினைவோடு இணைத்துச் சொல்கிறார்.

சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமான 1997ஆம் ஆண்டு. அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் நான் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ‘நிலவுக்கு ஒரு பயணம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். நாற்பது கட்டுரை ஏடுகள் வந்தன. அவற்றுள் முப்பத்தொன்பது, ஏறத்தாழ ஒரே கட்டுரையைத் தாங்கியிருந்தன. ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தார், கொடி நட்டார், நிலவில் காற்றும் இல்லை, நீரும் இல்லை.

ஓர் ஏடு மட்டும் வேறாக இருந்தது. அதை எழுதிய மாணவி, நிலவில் இறங்கியதும் ஆழமான பள்ளம் ஒன்றைத் தேடிச் செல்கிறாள். வெயில் படாத இடமாகப் பார்த்துத் தோண்டுகிறாள். அங்குக் கிடைத்த நீரைக் குடத்தில் மொண்டு தன் தாய்க்குக் கொண்டுவருகிறாள். கோடையில் எங்கள் ஊர்க் கிணறுகள் வற்றிவிடும். அவளுடைய தாய் விடியும்முன் எழுந்து, தொலைவிலுள்ள தோட்டத்துக் கிணற்றிலிருந்து நீர் சுமந்து வருபவர் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

அவ்வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, ‘நிலவில் நீர் இல்லை, கருத்துப்பிழை’ என்று எழுதி மூன்று மதிப்பெண் குறைத்தேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். வகுப்பில் அதைப் படித்தும் காட்டினேன். எல்லாரும் சிரித்தனர். அவள் எழுந்து நின்று ஒரே ஒரு வினாவைக் கேட்டாள்.

“யாராவது தோண்டிப் பார்த்தார்களா ஐயா?”

“பன்னிரண்டு பேர் போய் வந்திருக்கிறார்கள். பாறைகளையே கொண்டுவந்து ஆராய்ந்திருக்கிறார்கள். உட்கார்” என்றேன்.

நான் கூறியவை உண்மையான செய்திகளே. ஆயினும், அவள் கேட்டதற்கு அவை விடையல்ல. அதை நான் உணர்ந்துகொள்ளப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

வறண்ட நிலவு

நிலவில் நீர் இல்லை என்னும் முடிவுக்கு அறிஞர்கள் காரணமின்றி வந்துவிடவில்லை. 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் பன்னிரண்டு பேர் நிலவில் இறங்கினர். அவர்கள் கொண்டுவந்த பாறையும் மண்ணும் 382 கிலோகிராம். புவியின் பாறைகள் பலவற்றில் நீர் ஏதேனும் ஒரு வடிவில் பிணைந்திருக்கும். நிலவின் பாறைகளோ எலும்புபோல் வறண்டிருந்தன. சில மாதிரிகளில் மிகச் சிறிதளவு நீர் தென்பட்டதும் உண்டு. ஆனால், அவற்றைக் கொண்டுவந்த பெட்டிகள் சிலவற்றின் மூடிகள் சரியாக இறுகவில்லை. ஆகவே, அந்நீர் புவியின் காற்றிலிருந்து புகுந்த ஈரமே என்று ஒதுக்கப்பட்டது.

அன்றைய நிலையில் அது தகுந்த எச்சரிக்கையே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வாறு இறங்கிய ஆறு இடங்களும், புவியை நோக்கிய பக்கத்தில், நிலவின் நடுக்கோட்டிலிருந்து மிகுதியாக விலகாத இடங்கள். துளையிட்ட ஆழமோ ஏறத்தாழ மூன்று மீட்டரைத் தாண்டவில்லை. துருவங்களின் அருகே எவரும் செல்லவில்லை. ஆறு இடங்களில் கண்டதை முழு நிலவுக்கும் உரியதாக்கிய ஒரு வரி பாடநூல்களில் இடம்பெற்றது. நான் அவ்வரியைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

நண்பகல் வராத பள்ளம்

எவரும் நிலவில் கால் வைப்பதற்கு முன்பே, 1961இல், கென்னத் வாட்சன், புரூஸ் முர்ரே, ஹாரிசன் பிரவுன் ஆகிய மூவர் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தனர். நிலவின் துருவங்களில் கதிரவன் ஒளி ஒருபோதும் படாத பள்ளங்கள் இருக்க வேண்டும். அவற்றில் பனிக்கட்டி நெடுங்காலம் அழியாமல் தங்கியிருக்கக்கூடும் என்பது அக்கருத்து.

இதைப் புரிந்துகொள்ள ஊர்க் கிணறு ஒன்றே போதும். காலையில் கிணற்றை எட்டிப் பாருங்கள். மேற்சுவரில் மட்டும் வெயில் விழும். அடிவரை வெயில் இறங்குவது கதிரவன் உச்சிக்கு வரும்போதுதான். நிலவின் அச்சு ஏறத்தாழ ஒன்றரைப் பாகையே சாய்ந்துள்ளது. எனவே, அதன் துருவத்தில் நின்று பார்ப்பவருக்குக் கதிரவன் என்றும் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவரும், உச்சிக்கு வருவதில்லை. அங்குள்ள ஆழ்ந்த பள்ளங்கள் நண்பகலையே காணாத கிணறுகள். அவற்றுள் சிலவற்றின் அடியில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 230 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்கியிருப்பதைப் பிற்காலக் கருவிகள் அளந்துள்ளன.

வெயில் படாத பள்ளத்தைத் தேடிச் சென்றாள் அந்த மாணவி. ஊரில் ஈரம் எங்குத் தங்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறிவைக் கொண்டே அவள் எழுதினாள். நான் சிவப்பு மை தொட்ட 1997இலேயே விடை அசையத் தொடங்கியிருந்தது. 1994இல் கிளெமென்டைன் விண்கலம், துருவத்தில் பனிக்கட்டி இருக்கலாம் என்பதற்கான குறிப்பை ரேடார் அலைகளின் வழியே அளித்திருந்தது. 1998இல் லூனார் பிராஸ்பெக்டர் துருவங்களில் ஹைட்ரஜன் மிகுந்திருப்பதைக் கண்டது. நான் இவற்றுள் எதையும் அறியேன். அறிய முயன்றதும் இல்லை.

ஒளியின் வருகைப்பதிவேடு

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்றவர். அக்கலத்தில் இந்தியக் கருவிகளுடன் பிறநாட்டுக் கருவிகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று, நாசா அளித்த நிலவுக் கனிம வரைபடக் கருவி. அதன் ஆய்வுக்குழுவிற்குத் தலைமை ஏற்றவர் கார்லி பீட்டர்ஸ் என்னும் அம்மையார்.

நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டு, தரையில் நீர் இருப்பதை எவ்வாறு அறிவது? காலையில் நாங்கள் எடுக்கும் வருகைப்பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கதிரவனின் ஒளி, எல்லா அலைநீளங்களையும் கொண்ட நிறைந்த வகுப்பாக நிலவின்மேல் விழுகிறது. தெறித்துத் திரும்பும்போது சில அலைநீளங்கள் குறைந்திருக்கும். ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்வதால், எவை வரவில்லை என்று பார்த்தே அங்குள்ள பொருள் எது என்று கூறிவிடலாம். அகச்சிவப்பில் ஏறத்தாழ மூன்று மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளி குறைந்தால், அது நீரின் அடையாளம். அல்லது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சிலின் அடையாளம்.

அந்தக் குறைவைக் கருவி பதிவு செய்தது; அதுவும் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மிகுதியாக. ஆய்வுக்குழு மகிழ்ந்து அறிவித்துவிடவில்லை. தம் கருவியில்தான் கோளாறு என்று ஐயுற்றது. மாதக்கணக்கில் பிழையைத் தேடியது. 1999இல் நிலவைக் கடந்து சென்ற காசினி விண்கலத்தின் பழைய பதிவுகள் மீண்டும் ஆராயப்பட்டன. வேறொரு பயணத்தில் இருந்த டீப் இம்பாக்ட் விண்கலமும் 2009இல் நிலவை நோக்கியது. மூன்றும் ஒன்றையே கூறின. அதன் பிறகே, 2009 செப்டம்பரில், அம்முடிவு உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

இரண்டே வாரங்களில் மற்றொரு சான்றும் கிடைத்தது. அக்டோபர் 9 அன்று, நிலவின் தென்துருவத்தை ஒட்டிய கேபியஸ் என்னும் பள்ளத்தில் ஏவூர்தியின் பகுதி ஒன்றை நாசா வேண்டுமென்றே மோதச் செய்தது. எழுந்த புழுதியில் நீராவியும் பனித்துகளும் தென்பட்டன. யாராவது தோண்டிப் பார்த்தார்களா என்னும் வினாவிற்கு, ‘ஆம், இப்போது தோண்டிவிட்டார்கள்’ என்னும் விடை அன்றுதான் கிடைத்தது.

இதற்கு ஓராண்டு முன்னரே இன்னொன்று நிகழ்ந்திருந்தது. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த மண்ணிலிருந்த எரிமலைக் கண்ணாடி மணிகளை, ஆல்பெர்ட்டோ சால் என்பவரின் குழு நுட்பமான புதிய கருவியால் ஆராய்ந்தபோது அவற்றுள்ளும் நீரின் சுவடு இருந்தது. அதே மணிகள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடத்திலேயே இருந்தவை.

கிணறு இல்லை, ஆயினும்

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். அந்த மாணவி எழுதியது முழுவதும் மெய்யாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நிலவில் கிணறு இல்லை, ஊற்றும் இல்லை. காற்றழுத்தம் இன்மையால் நீர் அங்கு நீர்மமாக நிற்க இயலாது. கிளேவியஸ் என்னும் பள்ளத்தில், வெயில் படும் இடத்திலேயே நீர்மூலக்கூறுகள் இருப்பதாக 2020இல் அறிவிக்கப்பட்டது. அங்கு ஒரு கன மீட்டர் மண்ணில் உள்ள நீர் ஏறத்தாழ 350 மில்லிலிட்டரே. அதனோடு ஒப்பிட்டால் நம் பாலைவன மணலே ஈரமானது. நீரின் ஒரு பகுதி கதிரவனிலிருந்து வீசும் ஹைட்ரஜன் துகள்கள் பாறையிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் உண்டாகிறது. ஒரு பகுதி வால்மீன்கள் வழியே வந்திருக்கலாம்.

ஆகவே, அவளுடைய விடையில் குறை இருந்தது. வினாவில் குறை இல்லை. நான் விடையைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு வினாவை அடித்துவிட்டேன்.

2023 ஆகஸ்ட் 23, மாலை. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்குவதைக் காண மாணவர்கள் பள்ளியிலேயே தங்கியிருந்தனர். எங்கள் மாவட்டத்திற்கு அதில் ஒரு தனி உரிமையும் உண்டு. நிலவின் மேட்டுநிலத்தில் மிகுந்துள்ள அனார்தோசைட் என்னும் பாறை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலும் உள்ளது. அதைப் பொடியாக்கித்தான் நிலவு மண்ணைப் போன்ற மண்ணை உருவாக்கிச் சந்திரயான் ஊர்திகளைச் சோதித்தார்கள்.

கலம் இறங்கியதும் எழுந்த கைதட்டல் ஓய்ந்தபின், மகளை அழைத்துச் செல்ல வந்திருந்த ஒரு பெண் என்னை நோக்கிக் கைகூப்பினார். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

“அன்று உன் கட்டுரையில் கருத்துப்பிழை என்று எழுதினேன். நினைவிருக்கிறதா அம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கிறது ஐயா. அதற்கப்புறம் புத்தகத்தில் உள்ளதை மட்டும்தான் எழுதுவேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது” என்று சிரித்தபடி கூறினார்.

அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. நான் நல்லது செய்ததாகவே அவர் நினைத்திருந்தார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. “பிழை என்னுடையதுதான்” என்றேன். அருகில் நின்ற அவருடைய மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாணவர்களே, பாடநூல் எழுதும் குழுவில் ஒருவனாக இன்று நான் இருக்கிறேன். எங்கள் மேசைக்கு வரும் வரிகளைச் சரிபார்த்தே அச்சுக்கு அனுப்புகிறோம். ஆயினும், இன்று சரியான ஒரு வரி நீங்கள் கல்லூரியை முடிக்கும்முன் மாறக்கூடும். அவ்வாறு மாறுவது அறிவியலின் தோல்வியன்று. தன் கருவியையே ஐயுற்று மாதக்கணக்கில் பிழை தேடிய அக்குழுவினரைப் போன்றோரின் உழைப்பு அது. நூலில் உள்ளதை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதை எவர், எங்கு, எவ்வளவு ஆழம் தோண்டிப் பார்த்துச் சொன்னார் என்றும் கேளுங்கள். விடை தெரியாத ஆசிரியர் உங்களை உட்காரச் சொன்னால், அவ்வினாவை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை அடிக்கும் உரிமை எந்தச் சிவப்பு மைக்கும் இல்லை.