எங்க வீட்ல ரெண்டு இன்டர்ன்!

எங்க வீட்ல ரெண்டு இன்டர்ன் இருக்கோம். ஒண்ணு நான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். வாரத்துக்கு ரெண்டு நாள் இந்தப் பத்திரிகை ஆபீஸுக்கு வந்து, அண்ணன்கள் வாங்கித் தர்ற டீயைக் குடிச்சுட்டு, 'கட்டுரை எங்கேடா?' என்று கேட்டால், 'லேப் இருந்துச்சுண்ணே' என்று சமாளிக்கிற இன்டர்ன். இன்னொண்ணு எங்க அக்கா. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். நான் ஒரு தப்பு பண்ணினால் பக்கத்தில் ஒரு கால்புள்ளி காணாமல் போகும். அக்கா தப்பு பண்ணினால்..? அந்தக் கேள்வியை எங்க வீட்ல யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் அக்காவுக்கு கேஷுவாலிட்டி போஸ்டிங் விழுந்தது. எனக்கு ஒரே குஷி! நைட் ட்யூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வருவாள். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள், நான் கேட்பேன்: "இன்னிக்கு என்னக்கா கேஸ்?" அவளும் சொல்வாள். பெயர், ஊர் எல்லாம் சொல்ல மாட்டாள். ஆனாலும் எனக்கு அது போதும். பத்தரை மணிக்கு காலேஜ் கேன்டீனில், "மச்சி, நேத்து எங்கக்கா ஆஸ்பத்திரில..." என்று ஆரம்பித்தால், சமோசா ஆர்டர் பண்ணினவன்கூட அதை மறந்துட்டு உட்கார்ந்து கேட்பான். அடிபட்ட யாரோ ஒருத்தரின் வலியை வைத்து நான் ஹீரோ ஆகிக்கொண்டிருந்தேன். இப்போ நினைச்சா கூச்சமா இருக்கு. அப்போ இல்லை.

ரெண்டு மாசத்தில் அக்கா கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். அதுக்குப் பதிலா போன் பண்ண ஆரம்பித்தாள். நான் பைக்கை எடுத்தால், "ஹெல்மெட் போட்டியா? ஸ்ட்ராப் மாட்டினியா?" காலேஜ் வாசலில் இறங்கும்போது, "போய்ச் சேர்ந்துட்டியா?" ஒன்பது மணிக்குள் நான் பதில் அனுப்பவில்லை என்றால், ஒன்பது அஞ்சுக்கு மறுபடி போன். கிளாஸில் இருந்தால் என் ஃப்ரெண்டுக்குப் போன்! 'ஹெல்மெட் போலீஸ்' என்று என் கேங்கே அவளுக்குப் பேர் வைத்துவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் அவள் என் பைக்கில் பின்னால் உட்கார மறுத்தாள். மழையில் நனைந்துகொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள், என்கூட வரவில்லை. தெரு முனையில் யாரோ சடன் பிரேக் அடித்த சத்தத்துக்கு, கையில் இருந்த தோசைத் தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

அம்மா உப்பு, மிளகாய் வைத்துச் சுத்திப் போட்டார். அப்பா, "டாக்டர்னா மனசு ஸ்டீல் மாதிரி இருக்கணும்மா" என்றார். நான் 'நீங்கதான் கடவுள்' டைப் வாட்ஸ்அப் ஃபார்வேர்டு ஒண்ணை அனுப்பினேன். ஆக, குடும்பமா சேர்ந்து சொதப்பினோம்.

ஒருநாள் ராத்திரி கரன்ட் போனது. மொட்டை மாடிக்குப் போனேன். அக்கா தண்ணி டேங்க் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தூங்கலையா என்று கேட்கவில்லை. அவள் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு அவளுக்கே தெரியாது. அவளாகவே பேசினாள். (இதை எழுதலாமா என்று கேட்டபோது, அடையாளம் தெரியிற எதுவும் வரக் கூடாது என்று கண்டிஷன் போட்டாள். நான் எழுதினதில் ரெண்டு பாராவை அடித்தும்விட்டாள். மிச்சம்தான் இது.)

பைக் விபத்து. அப்பாவுக்கு சின்னக் காயம். முன்னால் உட்கார வைத்திருந்த குழந்தைக்குத் தலையில் அடி. அம்பு பேக்கை அழுத்திக்கொண்டு நின்றது அக்கா. நாற்பது நிமிஷம். அப்புறம் சீனியர் டாக்டர் தலையை ஆட்டினார். 'நிறுத்திடலாம்' என்று அர்த்தம்.

"அதுக்கப்புறம் என்ன பண்ணினே?" என்றேன்.

"ஏ.ஆர். புக்ல என்ட்ரி போட்டேன். விபத்து எப்படி நடந்துச்சு, எத்தனை மணிக்கு, கூட்டி வந்தது யாருன்னு அந்த அப்பாகிட்டயே கேட்டு எழுதணும்ல? எழுதினேன். திரும்பிப் பார்த்தா அடுத்த ஆள் நிக்கிறார். விரல்ல கண்ணாடி கிழிச்சிடுச்சாம். 'அரை மணி நேரமா நிக்கிறேன், டாக்டர்லாம் உள்ள கதை பேசறீங்களா?'ன்னு கத்தினார். சாரி சார்னு சொல்லிட்டு தையல் போட்டேன்டா. கை நடுங்கவே இல்ல. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "அழறதுக்கு டைம் இருந்திருந்தா அழுதிருப்பேன்" என்றாள்.

கரன்ட் வந்தது. கீழே போய்விட்டாள்.

மறுநாள் நான் லைப்ரரியில் உட்கார்ந்து தேடினேன். இன்ஜினீயரிங் பையனாச்சே, எதுக்கும் ஒரு பேர் தெரிஞ்சாதான் நிம்மதி! இருந்தது, பேர். செகண்டரி ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ். விபத்து நடந்தது வேறு யாருக்கோ. ஆனால் அவங்களைத் தொட்டு, பார்த்து, அவங்க கதையைக் கேட்டுக் கேட்டு, உதவி செய்கிறவங்களுக்கே அந்த அதிர்ச்சி ஒட்டிக்கொள்வது. கண்ணை மூடினால் அதே காட்சி, அதை ஞாபகப்படுத்துகிற எதையும் தவிர்ப்பது, தூக்கம் போவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, தனக்கு வேண்டியவங்களுக்கும் அப்படி ஆயிடுமோ என்று பதறுவது. ஹெல்மெட் போலீஸ் மேட்டர் புரிஞ்சுதா பாஸ்? எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சார்லஸ் ஃபிக்லி என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1995-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்திருக்கிறார். அவர் பயன்படுத்திய இன்னொரு பேர், கம்பாஷன் ஃபெட்டீக். அந்த 'ஃபெட்டீக்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்க லேபில் ஃபெட்டீக் மெஷின் ஒண்ணு இருக்கு. ஒரு கம்பியை மாட்டிச் சுழல விடுவோம். அந்தக் கம்பியை உடைக்கிற அளவுக்கு லோடு கொடுக்க மாட்டோம். ரொம்பக் கம்மிதான். ஆனால் அதே லோடு திரும்பத் திரும்ப, லட்சக்கணக்கான தடவை. திடீர்னு 'டக்'. வெளியே பார்த்தால் கடைசி நிமிஷம் வரை ஒரு கீறல்கூடத் தெரியாது. அகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் 19-ம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஏன் உடையுதுன்னு ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. ஸ்டீலுக்காவது ஒரு எல்லை உண்டு. அதுக்குக் கீழே லோடு இருந்தால் எத்தனை தடவை சுத்தினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லையே கிடையாது. அப்பா சொன்ன 'ஸ்டீல் மனசு' ஞாபகம் வந்தது. ஸ்டீலும் உடையும்ப்பா, லோடு எவ்வளவுங்கிறதைப் பொறுத்து! ஆனா ஒரு வித்தியாசம். கம்பிக்கு ரெஸ்ட் கொடுத்தால் விரிசல் மூடிக்காது. மனுஷனுக்கு மூடும்.

இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணினேன்? அடுத்த சொதப்பல். பிரையன் ப்ரைட் என்பவர் 2004-ல் வெளியிட்ட 17 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கு. அதைப் படித்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் வைவா எடுக்கப் போனேன். மூணாவது கேள்வியில், "எழுந்து போடா" என்றாள். சரி, மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டா லேசாயிடும் என்று நினைத்து, "ஷேர் பண்ணுக்கா, எல்லாத்தையும் சொல்லு" என்று நச்சரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பண்ணினதுதான் சரி. அதிர்ச்சிக்கு ஆளானவரை ஒரே சிட்டிங்கில் உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொல்ல வைப்பது பலன் தராது, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று 2002-லேயே காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லியிருக்கிறது. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடும், பேசச் சொல்லி வற்புறுத்தாதே என்கிறது. ஆக, என் 'இன்னிக்கு என்ன கேஸ்?', 'எல்லாத்தையும் சொல்லு' ரெண்டுமே ஒரே வியாதிதான். ரெண்டிலும் கதை வேண்டியது எனக்கு.

அக்காவை நகர்த்தியது ஒரு சீனியர் பி.ஜி. மேடம். எப்படித் தெரியுமா? ஒரு நைட் ட்யூட்டியில் மேடம் வந்து, "நீ சாப்பிட்டு எத்தனை மணி நேரமாச்சு?" என்று கேட்டாங்களாம். அக்காவுக்குப் பதில் தெரியலை. "இருபது நிமிஷம் உன் பெட்டை நான் பார்க்கிறேன், போ" என்று அனுப்பிவிட்டாங்க. வாசல் டீக்கடையில் பன்னும் டீயும். அடுத்த தடவை அவங்களும் கூட வந்தாங்க. எதையும் தோண்டிக் கேட்கவில்லை. டீயை ஆத்திக்கொண்டே, "எனக்கு ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு கேஸ். இன்னும் அந்த பெட் நம்பரைப் பார்த்தா வேற பக்கம் திரும்பிக்குவேன்" என்று மட்டும் சொன்னாங்களாம். அவ்வளவுதான். 'எனக்கு மட்டும் இல்லையா?' என்று அக்கா முதல்முறையா நினைத்தது அந்த பெஞ்சில்தான்.

அந்த மேடம் இன்னொண்ணும் பண்ணினாங்க. அமெரிக்காவில், வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்டெல்ஸ் என்கிற நர்ஸ் ஆரம்பித்து வைத்த பழக்கம் அது. பேரே 'தி பாஸ்'. (நம்ம 'பாஸ்' இல்லை பாஸ், நிறுத்தம்!) ஒரு நோயாளி இறந்ததும், காப்பாற்றப் போராடிய எல்லாரும் அந்த பெட்டைச் சுற்றி ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம் பேசாமல் நிற்பது. டாக்டர், நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளினவர், எல்லாரும்தான். அடுத்து ஒரு மரணம் நடந்தப்போ, மேடம் கையைக் காட்டி, "ஒரு நிமிஷம்" என்றாங்களாம். எல்லாரும் நின்னாங்க. "வெளியே யாரோ கத்திட்டுத்தான் இருந்தாங்க. ஆனா அன்னிக்கு அழுதேன்டா" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளிவா இருந்தது.

பாஸ்டனில் கென்னத் ஸ்வார்ட்ஸ் என்று ஒரு வக்கீல். நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்துபோனார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் அன்பு பெரிசுன்னு நினைத்து, போவதற்கு முன் ஒரு மையம் ஆரம்பித்தார். 1997 முதல் நடக்கிற 'ஸ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்' அங்கிருந்து வந்ததுதான். மருத்துவமனை ஊழியர்கள் எல்லாம் ஒண்ணா உட்காருவார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லின்னு பேச்சே கிடையாது. அந்த நோயாளி உனக்குள்ள என்ன பண்ணிட்டுப் போனார் என்பதுதான் பேச்சு. விருப்பம் இருக்கிறவர் பேசலாம், மற்றவர் சும்மா கேட்கலாம். வற்புறுத்தல் இல்லை, அதான் விஷயம்.

ஆனா ஒண்ணு. டீ, பன், மௌனம் எல்லாம் சரி... ட்யூட்டி சார்ட்டை யார் திருத்துவது? 1992-ல் மத்திய அரசு கொண்டுவந்த ரெசிடென்ஸி திட்டத்தில், ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர்ச்சியா 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் பொதுவான வரம்பு. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கவனிச்சீங்களா? 32 வருஷத்தில் எண் கீழே இறங்கவில்லை, மேலே ஏறியிருக்கு! 74-ஐயே குறைக்கிற நம்பராகச் சொல்ல வேண்டிய நிலைமை என்றால், நிஜத்தில் எவ்வளவு ஓடுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. லோடைக் குறைக்காமல் கம்பிக்கு யோகா கிளாஸ் எடுத்து என்ன பிரயோஜனம்?

இன்னொரு சிக்கல், வெட்கம். அக்காவுக்கு உதவி வேணும்னு அவளுக்கே தெரியும். ஆனால் அவள் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டோக்கன் போடுகிறவர் முதல் பேராசிரியர் வரை எல்லாரும் தெரிஞ்ச முகம். 'டாக்டருக்கே டாக்டரா?' என்பாங்களோ என்ற பயம். இது நம்ம ஊர் பயம் மட்டும் இல்லை. நியூயார்க்கில் லார்னா ப்ரீன் என்ற அவசர சிகிச்சை டாக்டர், கொரோனா முதல் அலையில் ஓய்வில்லாமல் உழைத்து, 2020 ஏப்ரலில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மனநல உதவி கேட்டால் வேலைக்கே வினையாகும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். 2022-ல் மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது.

அக்கா என்ன பண்ணினாள்? பேர் சொல்லாமல் பேசலாம் என்பதால், டெலி மானஸ் இலவச எண் 14416-க்குப் போன் போட்டாள். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்தது; தமிழிலும் பேசலாம். எந்நேரமும் எடுப்பார்கள் என்பது நைட் ட்யூட்டி ஆட்களுக்கு வசதி. அவங்க சொன்னபடி வேற ஊரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தாள். என் பைக்கில் இல்லை, பஸ்ஸில்தான். நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஹெட்போனில் பாட்டு கேட்டேன். என் இன்ஜினீயரிங் மூளை அவளுக்குச் செய்த ஒரே உருப்படியான உதவி அந்த பெஞ்ச்தான்.

உங்க கேங்கில், தெருவில், சொந்தத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜனோ, நர்ஸிங் ஸ்டூடன்டோ, 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிற அண்ணனோ கண்டிப்பா இருப்பாங்க. அடுத்த தடவை பார்க்கும்போது 'என்ன கேஸ்?' என்று வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுங்க. சாப்பாடு வாங்கிட்டுப் போங்க. அவங்க யூனிஃபார்மைத் துவைச்சுப் போடுங்க, பில் கட்டற க்யூவில் அவங்களுக்குப் பதிலா நில்லுங்க. அவங்களா பேசினா, போனைக் கவிழ்த்து வெச்சுட்டுக் கேளுங்க. கேட்டதை கேன்டீனுக்குக் கொண்டு போகாதீங்க, என்னை மாதிரி. பல வாரம் ஆகியும் தூக்கம் வரலை, வேலைக்குப் போகவே முடியலை, வாழ்க்கையே வேணாம்னு பேச்சு வந்தா, காத்திருக்காதீங்க... அது நாம கையாளுகிற விஷயம் இல்லை.

இப்போ அக்காவுக்கு போஸ்டிங் மாறி, கண் வார்டில் இருக்கிறாள். பாதி மாற்றம் அதனாலயும் இருக்கலாம், நேர்மையா சொல்லணும்ல? அவள் விட்டுட்டு வந்த அந்த கேஷுவாலிட்டி ஸ்டூலில் இப்போ வேற ஒரு ஹவுஸ் சர்ஜன் உட்கார்ந்திருப்பாங்க.

நான் தினமும் காலேஜ் போனதும் 'ரீச்ட்' என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுவேன். அவள் கேட்கிறதுக்கு முன்னாடியே. போன செவ்வாய்க்கிழமை இன்டர்னல் எக்ஸாம் டென்ஷனில் மறந்தே போனேன். மத்தியானம் போனை ஆன் பண்ணும்போது கை நடுங்கியது. இருபது மிஸ்டு காலாவது இருக்கும் என்று பார்த்தால், ஒண்ணுகூட இல்லை. பதறிப்போய் நான் போன் போட்டேன்.

"என்னடா?" என்றாள், கரகரத்த குரலில். "இன்னிக்கு ஆஃப்டா. தூங்கிட்டு இருந்தேன், எழுப்பிட்டியே!"